ஆளைக் கூட்டினால் வேலை முடியுமா?

தவணைப் புள்ளிகளைப் பதிய ஒரு மென்பொருள் செய்து தரும்படி எங்களிடம் படித்த பிள்ளையொருவரிடம் கேட்டோம். அவரோடு இன்னும் இருவர். இரண்டு மாதம் என்றார்கள். நான்கு மாதமாகியும் முடியவில்லை. மிச்சக் காசைக் கொடுக்கக் கூடாது என்றுகூட ஆசிரியர் ஓய்வறையில் பேசிக்கொண்டோம்.

"இன்னும் நாலு பேரைப் போட்டு முடிங்க தம்பி" என்றோம்.

"சேர், ஐ.பி.எம்.மில் பெரிய மென்பொருள் வேலையை நடத்தின ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதிட்டார். பிந்தின வேலைக்கு ஆள் சேர்த்தா இன்னும் பிந்தும். புது ஆக்களுக்கு விளங்கப்படுத்தவே எங்கட நேரம் போயிரும். மூணு பேருக்குள்ள தொடர்பு 3. ஏழு பேரெண்டா 21."

பிறகு வட்சப்பைத் திறந்து காட்டினார். கணித ஆசிரியர் ஒன்று கேட்டிருந்தார். வகுப்பாசிரியர் அதற்கு நேர்மாறாக. அதிபர் வேறொன்று. எல்லாம் நாங்கள் அனுப்பியவை.

வெட்கமாகிப்போனது. கேள்வியை ஒழுங்காக வாசிக்காத பிள்ளைக்குப் புள்ளி குறைக்கும் நாங்கள், கேள்வியையே ஒழுங்காகக் கேட்கவில்லை.

அன்றே முடிவெடுத்தோம். எங்கள் சார்பில் ஒருவர்தான் பேசுவார். தேவைகள் எழுத்தில் போகும். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் முடிக்கும் திகதியும் தள்ளிப்போகும். வியாழக்கிழமைதோறும் முடிந்த பகுதியை இயக்கிப் பார்ப்போம்.

ஆறாவது வாரம் தேர்ச்சி அறிக்கை அச்சாகி வந்தது. செய்தது அதே மூவர்தான். மிச்சக் காசை அன்றே கையில் கொடுத்தோம்.