வளையும் சுவரம்

துயரம் மாந்தர் அனைவர்க்கும் பொதுவானது. அதை வெளியிடும் வழிதான் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. எங்கள் மதகடிப்பட்டுப் பகுதியில் இழவு வீட்டுப் பெண்கள் ஒப்பாரி வைக்கும்போது, குரல் ஓர் உயரத்தில் எழுந்து, எந்தப் படியிலும் கால் ஊன்றாமல் வழுக்கிக்கொண்டே கீழிறங்கும். அந்த இறக்கத்தை ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்ட எவராலும் இயலாது. நாகசுரத்தில் இயலும், வயலினிலும் இயலும். சட்டைப் பைக்குள் அடங்கிவிடும் மவுத் ஆர்கனிலும் இயலும் என்று சொன்னால் பலரும் வியப்பர். ஆனால் எல்லா மவுத் ஆர்கனிலும் அன்று. ஒரு வகையில் மட்டுமே. அது எந்த வகை, ஏன் அதில் மட்டும் என்று ஆராய எனக்கு ஒரு தேவை நேர்ந்தது.

எங்கள் தெருவில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். விழுப்புரம் சாலையில் நிகழ்ந்த விபத்தில் தந்தையை இழந்தவன். அந்த நாளுக்குப் பிறகு அவன் பேச்சு மிகவும் குறைந்துவிட்டது. கேட்டால் பதில் சொல்வான். தானாக எதையும் சொல்ல மாட்டான். ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால் கணக்குப் பாடத்தில் உதவும்படி அவனுடைய தாய் மாலை வேளைகளில் என்னிடம் அனுப்பி வைத்தார். ஒரு நாள் என் மேசை மீதிருந்த பழைய மவுத் ஆர்கனை எடுத்து, ஊதாமல், மூச்சை உள்ளே இழுத்தான். அடித்தொண்டையிலிருந்து வருவது போன்றதோர் ஓசை எழுந்தது. “இது ஏன் தாத்தா அழுவுற மாதிரி கேக்குது?” என்றான். பல வாரங்களுக்குப் பின் அவனாகக் கேட்ட முதற்கேள்வி அது. அதற்குச் சரியான பதில் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவனுக்கென்று ஒரு கருவி வாங்கித் தரவேண்டும் என்றும் தோன்றியது. எதை வாங்குவது?

அந்தப் பழைய கருவி என் பெரியப்பாவுடையது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய புதுவைச் ‘சொல்தா’க்களில் அவரும் ஒருவர். இந்தோசீனாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், அங்கே கண்டதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. இரவில் திண்ணையில் அமர்ந்து இந்தக் கருவியை வாசிப்பார். பாட்டு என்று சொல்லத்தக்க எதுவும் அதில் இராது. இரண்டு மூன்று சுவரங்களை இழுத்து, வளைத்து, விடுவார். அவ்வளவே. அது ஜெர்மனி நாட்டு ஹோனர் நிறுவனத்தின் ‘மரீன் பேண்ட்’ என்பதும், அந்த இறக்கத்திற்கு மேலைநாட்டார் ‘பெண்டிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் பிற்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தன.

மத்தியாஸ் ஹோனர் 1857-ல் ட்ரொசிங்கன் என்னும் சிற்றூரில் தொழில் தொடங்கினார். ‘மரீன் பேண்ட்’ 1896-ல் வெளிவந்தது. ஐரோப்பிய நாட்டுப்புற நடனப் பாடல்களை ஊதுவதற்கென்றே அது செய்யப்பட்டது. சுவரத்தை வளைப்பது செய்தவர்களின் கனவிலும் இல்லை. விலை மலிவான அக்கருவி கடல் கடந்து சென்று, அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களின் கைக்குச் சேர்ந்தது. 1865-ல் சட்டப்படி அடிமைத்தனம் ஒழிந்தபின்னும் வறுமையும் இழிவும் ஒழியாத மக்கள் அவர்கள். ஊதுவதற்கென்று செய்த கருவியை அவர்கள் உறிஞ்சி வாசித்தார்கள். அதிலிருந்து பிறந்ததே ‘ப்ளூஸ்’ இசையின் மவுத் ஆர்கன் மரபு. சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்ட டிஃபோர்ட் பெய்லி (1899–1982) அதில் இரயில் ஓடுவதையே கண்முன் நிறுத்தினார். பார்வையிழந்த சன்னி டெர்ரி (1911–1986) அதனோடு தம் குரலையும் கலந்து கூவினார். லிட்டில் வால்டர் ஒலிவாங்கியைக் கருவியோடு சேர்த்துக் கைகளுக்குள் பொத்தி வாசித்த ‘ஜூக்’ 1952-ல் அந்நாட்டு ரிதம் அண்ட் ப்ளூஸ் இசைப்பட்டியலில் முதலிடம் பெற்றது.

இனி, சுவரம் எவ்வாறு வளைகிறது என்பதைப் பார்ப்போம். ப்ளூஸ் கலைஞர் கையாளும் கருவியில் துளைகள் பத்து. ‘ரீடு’ எனப்படும் உலோக நாக்குகள் இருபது. ஒரே அறைக்குள் இரண்டு நாக்குகள் வாழ்கின்றன. ஊதினால் ஒன்று பாடும். உறிஞ்சினால் மற்றொன்று பாடும். அவ்விரண்டில் உயர்ந்த சுவரமுடையதை வாசித்துக்கொண்டே வாயின் உள்வடிவத்தை மாற்றினால், அதுவரை வாளாவிருந்த தாழ்ந்த நாக்கும் அசையத் தொடங்குகிறது. இரண்டும் கூடி சுவரத்தைக் கீழே இறக்குகின்றன. ஆழமான வளைவில் பெரும்பாலும் பாடுவது அந்தத் தாழ்ந்த நாக்கே. ஹென்றி பான்சன் என்னும் அமெரிக்க இதய அறுவை மருத்துவர் தம் தோழர்களுடன் இதை ஆய்ந்து 1998-ல் ஒலியியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. இரு நாக்குகளுக்கும் இடையே எத்தனை அரைச்சுவரங்கள் உள்ளனவோ, அதில் ஒன்று குறைவாக வளைக்கலாம். ‘சி’ சுருதிக் கருவியின் மூன்றாம் துளையில் இடைவெளி நான்கு. எனவே வளைவு மூன்று. இரண்டாம் துளையில் இடைவெளி மூன்று, வளைவு இரண்டு. ஒன்று, நான்கு, ஆறு ஆகிய துளைகளில் இடைவெளி இரண்டு, வளைவு ஒன்று. ஐந்தாம் துளையில் இடைவெளி ஒன்றே. முழு அரைச்சுவரம் வளையாது. மேலே எட்டு, ஒன்பது, பத்து ஆகியவற்றில் உறிஞ்சுவதற்குப் பதில் ஊதி வளைக்கவேண்டும். எட்டிலும் ஒன்பதிலும் ஓர் அரைச்சுவரமும், பத்தில் இரண்டும் இறங்கும்.

நம் இசையின் கண்ணாடி வழியே நோக்கினால் இது மேலும் விளங்கும். ப்ளூஸ் கலைஞர் ‘சி’ கருவியை எடுத்துக்கொண்டு ‘ஜி’ சுருதியை ஆதாரமாகக் கொள்வார். அதாவது, இரண்டாம் துளையை உறிஞ்சும் ஓசையே அவருக்கு ஷட்ஜம். அங்கிருந்து வளைவின்றிக் கிடைக்கும் சுவரங்களைச் சேர்த்தால் நம் அரிகாம்போதி வந்து நிற்கிறது. பழந்தமிழரின் செம்பாலை என்று இசையறிஞர் குறிப்பதும் இதையே. மூன்றாம் துளை அந்தர காந்தாரம். அதை ஒரு படி வளைத்தால் சாதாரண காந்தாரம். இரண்டாம் படியில் சதுச்ருதி ரிஷபம். மூன்றாம் படியில் சுத்த ரிஷபம். ஒரே துளையில் நான்கு சுவரங்கள்! நான்காம் துளையின் பஞ்சமத்தை வளைத்தால் பிரதி மத்தியமம். ப்ளூஸ் இசையின் ஆறு சுவரங்களில் அந்தப் பிரதி மத்தியமத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது நமது சுத்த தன்யாசி. ஆயினும் அதன் உயிர் இருப்பது இரு காந்தாரங்களுக்கும் நடுவே, எந்தப் படியிலும் நிற்காத இடத்தில். ஒப்பாரி வழுக்கி இறங்குவதும் அவ்வாறே அன்றோ?

ஆர்மோனியமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் ரீடும் இதன் ரீடும் உடன்பிறப்புகள். இரண்டுக்கும் மூத்தது சீனத்தின் பழம்பெரும் ‘ஷெங்’. கமகம் இசைக்க இயலாது என்பதை ஒரு முக்கியக் குறையாகக் காட்டி அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971-ல்தான் அத்தடை தளர்த்தப்பட்டது. ஆர்மோனியத்தின் நாக்கு வாசிப்பவர் வாயிலிருந்து விலகி, துருத்தியின் காற்றில் பாடுகிறது. மவுத் ஆர்கனிலோ நாக்குக்கும் தொண்டைக்கும் நடுவே எந்தத் திரையும் இல்லை. வாயே கருவியின் பாதி.

இந்த அடிப்படையைத் தெரிந்துகொண்டபின், சில கருவிகளைச் சென்னையிலிருந்து வரவழைத்தும், சிலவற்றை நண்பர்களிடம் இரவல் பெற்றும் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதலாவது, நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் இருபத்து நான்கு துளை ‘ட்ரெமலோ’. விலை மிகக் குறைவு. ஒரே சுவரத்திற்கு இரண்டு நாக்குகளைச் சற்றே சுருதி விலக்கி அமைத்திருப்பதால் ஓசை அலை அலையாக மிதந்து வரும். திரைப்பாடலுக்கும் பக்திப்பாடலுக்கும் இனிமையானது. ஆனால் ஒவ்வொரு நாக்கும் தனித்தனி அறையில் அடைபட்டுக் கிடக்கிறது. துணை நாக்கு இல்லாத இடத்தில் வளைவு இல்லை. பொத்தானை அழுத்தி வாசிக்கும் ‘குரோமாடிக்’ வகையில் பன்னிரண்டு சுவரங்களும் கிட்டும். மும்பையில் ஆர்.டி.பர்மன் 1964-ன் ‘தோஸ்தி’ படத்திற்கு வாசித்த மவுத் ஆர்கன் இசையை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். எனினும் குரோமாடிக்கில் காற்றைத் தடுக்கும் மெல்லிய வால்வுகள் இரு நாக்குகளையும் பிரித்துவிடுவதால், ப்ளூஸின் ஆழ்ந்த வளைவு அதில் கிட்டுவதில்லை.

எஞ்சியது பத்துத்துளை வகை. ‘மரீன் பேண்ட்’ பேரிமரத்தால் ஆன நடுச்சட்டமும், ஆணி அடித்த பித்தளைத் தகடுகளும் கொண்டது. இரண்டு மூன்று சுவரங்களைச் சேர்த்து ஒலித்தால் தேனாக இனிக்கும். அதன் சுருதியமைப்பு அத்தகையது. ஆனால் எச்சிலில் மரம் ஊறிப் புடைக்கும், உதட்டைக் கீறும். 2005-ல் வந்த அதன் ‘டீலக்ஸ்’ வடிவில் மரத்திற்குக் காப்புப் பூச்சும், ஆணிக்குப் பதில் திருகும் அமைத்துக் குறையைப் போக்கினர். அதே நிறுவனத்தின் ‘ஸ்பெஷல் 20’ பிளாஸ்டிக் சட்டமுடையது. தகடுகள் சட்டத்துக்குள் பதிந்திருப்பதால் உதட்டுக்கு மென்மை. காற்றுக் கசிவும் குறைவு. கசிவு குறைந்தால் வளைப்பதும் எளிது. ஜப்பானின் டோம்போ நிறுவனம் 1983 முதல் செய்யும் ‘லீ ஆஸ்கர்’ கருவியில் தேய்ந்த ரீடுத் தகட்டை மட்டும் கழற்றிப் புதிது மாட்டலாம். தனிச்சுவரங்கள் துல்லியமானவை, சேர்ந்தொலிக்கும்போது மட்டும் சற்றே கரகரப்பு. ‘சுசுகி’ நிறுவனம் தன் கருவிகள் பலவற்றில் நாக்குகளை லேசர் கொண்டு பற்றவைக்கிறது. 1847-ல் தோன்றிய ஜெர்மனியின் ‘சைடல்’ நிறுவனம், அவ்வாண்டையே பெயராகக் கொண்ட தன் கருவியில் துருப்பிடிக்காத எஃகு நாக்குகளைப் பொருத்துகிறது. வளைக்க வளைக்கப் பித்தளை களைத்துப்போய், சுருதி இறங்கி, ஒரு நாள் விரிசல் காணும். எஃகு அதைவிட நெடுநாள் தாங்கும். விலையும் அதற்கேற்ப உயரும்.

பெரியப்பாவின் கருவியில் நான்காம் துளையின் உறிஞ்சு நாக்கு ஒடிந்திருக்கிறது. அதிகம் வளைக்கப்படும் நாக்குகளில் அது ஒன்று. திண்ணையில் அவர் எதை வாசித்தார் என்பதற்கு அதுவே சான்று.

வளைக்கும் முறையைப் பற்றியும் சில சொற்கள். பலர் மூச்சின் வலிமையால் வளைக்க முயன்று நாக்கைக் கெடுப்பர். தேவை வலிமை அன்று, வாய்க்குள் இடம். ‘ஈ’ என்று உறிஞ்சத் தொடங்கி, மெல்ல ‘ஊ’ என்னும் வடிவுக்கு வாயின் உட்புறத்தை மாற்றவேண்டும். நாவின் மேடு ‘க’கரம் ஒலிக்கும் இடத்தை நோக்கிப் பின்வாங்கும். முதலில் நான்காம் துளையில் பழகி, பிறகு ஒன்று, ஆறு, இரண்டு என்று செல்லலாம். மூன்றாம் துளை கடைசிச் சோதனை. அதன் அடிமட்டத்தில் விழுவது எளிது. நடுப்படியில் நிற்பது கடினம். சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு, சாதாரண காந்தாரத்தில் மூச்சு முடியும்வரை நிலைத்து நிற்கப் பழகுவதே உயர்ந்த பயிற்சி. அதற்கும் மேலானது ‘ஓவர்புளோ’. ஆறாம் துளையை, வளைக்கும் வாய்வடிவத்தோடு ஊதினால் ஊது நாக்கு அடங்கி, உறிஞ்சு நாக்கு தன் இயல்பினும் ஒரு படி உயர்ந்து பாடும். மேல்தாயிச் சாதாரண காந்தாரம் அவ்வாறுதான் கிட்டும். சிகாகோவின் ஹோவர்ட் லெவி 1970-ஐ ஒட்டி இதைக் கண்டறிந்து வளர்த்தார். இதற்கு நாக்குக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கையால் குறைத்துச் சீர்செய்யவேண்டும்.

சிறுவனுக்கு ‘ஸ்பெஷல் 20’, ‘சி’ சுருதியில் வாங்கிக் கொடுத்தேன். ட்ரெமலோ வாங்கித் தந்திருந்தால் ஒரே வாரத்தில் ஒரு திரைப்பாட்டை வாசித்திருப்பான், கேட்டவர்களும் பாராட்டியிருப்பார்கள். அவன் கேட்ட கேள்விக்கு அது பதில் ஆகாது. முதல் வளைவு வர ஏழு வாரங்கள் பிடித்தன. அதற்குள் அவன் கற்றது பொறுமை; அதைவிட, மூச்சை முழுவதும் உள்ளே இழுப்பது. அழுகையை அடக்கியவர்களின் மூச்சு மேலெழுந்தவாரியாகவே இருக்கும் என்பதை அவனைப் பார்த்தபின் அறிந்தேன். சின்னபாபுசமுத்திரம் வழியே புதுச்சேரிக்கு இரயில் ஓடும் பாதை 1879-லிருந்து இருக்கிறது. அந்த இரயிலின் கூவலை இப்போது மூன்றையும் நான்கையும் சேர்த்து இழுத்து வாசிக்கிறான். டிஃபோர்ட் பெய்லியைப் பற்றி நான் சொன்னது அதற்குப் பின்புதான்.

அவனுடைய கேள்விக்கு, வளைவுக் கணக்கை வைத்தே பதில் சொன்னேன். “பக்கத்துல இன்னொரு நாக்கு கீழே இருக்குது. மேலே இருக்கிறது தனியா இறங்க முடியாது. கீழே இருக்கிறது கைகொடுத்தாத்தான் இறங்கும். அதான் அழுவுற மாதிரி கேக்குது.” சற்று நேரம் சும்மா இருந்தான். பிறகு, “எவ்ளோ இறங்குனாலும் கீழே இருக்கிறதுக்கு ஒரு படி மேலேயே நின்னுடுது, இல்ல தாத்தா?” என்றான். கணக்கில் அவன் கெட்டிக்காரன்.

இழவு வீட்டில் ஒருவர் ஒப்பாரியைத் தொடங்க, அருகிலிருப்பவர் தோளைப் பற்றித் தாமும் குரல் சேர்ப்பதைக் கண்டிருக்கிறோம். தனித்து இறங்கமுடியாத ஆழத்திற்கு ஒரு குரல் மற்றொன்றைத் துணைக்கழைத்து இறங்குகிறது; துணை இருப்பதாலேயே முழுதும் விழாமல் நிற்கிறது. உங்கள் தெருவிலும் பேச மறந்த ஒரு பிள்ளை இருக்கலாம். அவனுக்கு ஆறுதல் மொழி சொல்ல விரைய வேண்டாம். அவன் மூச்சுக்கு ஒரு கருவியைக் கொடுங்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள்.