உம்மம்மா வாசித்த கொம்பியூட்டர்



பெறுபேறு வந்தால் போதும், எங்கள் இன்பொக்ஸ் நிரம்பிவிடும். "சேர், மகன் ஏ.எல்.லுக்கு ஐ.சி.ரி. எடுக்கப் போறாரு, என்ன லெப்டொப் வாங்கலாம்?" "மகளுக்கு ஐ5 போதுமா, ஐ7 வேணுமா?" "மச்சான் கட்டாரில இருந்து வாறாரு, ஆப்பிள் கொண்டு வரச் சொல்லவா?"

பதில் இந்தப் பதிவின் கடைசியில் இருக்கிறது. அவசரமானவர்கள் நேரே அங்கே போகலாம். மற்றவர்கள் ஒரு பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வாருங்கள். எங்கள் வீட்டுக்கு முதல் கொம்பியூட்டர் வந்த கதையைச் சொல்லாமல் அந்தப் பதிலைச் சொன்னால் அது உங்களுக்கு விளங்காது.

1988 என்று நினைவு. குவைத்தில் வேலை செய்த மாமா லீவில் வந்தார். வெளிநாட்டுப் பெட்டி உடைக்கும் நாள் எப்படியிருக்கும் என்று காத்தான்குடியில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. போர்வை, நிடோ டின், டோர்ச் லைட், சவர்க்காரம், அத்தர். காக்கா, ராத்தா, கடைக்குட்டி என்று நாங்கள் மூன்று பேரும் பெட்டியைச் சுற்றிக் குந்தியிருந்தோம். அடியில் இருந்து ஒரு நீளமான சாமான் வந்தது. பார்த்தால் டைப்ரைட்டர் போல. ஆனால் கடதாசி போட இடமில்லை. "இது கொம்பியூட்டர். ரி.வி.யில கொளுவணும்" என்றார் மாமா.

அதன் பெயர் ஸக்ர். அரபியில் பாறை என்று அர்த்தம். இன்றைக்கு இந்தப் பெயரைக் கேட்டவர்கள் நம்மில் குறைவு. அதனால் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1982இல் இங்கிலாந்தில் ஸ்பெக்ட்ரம், அமெரிக்காவில் கொமடோர் 64 என்று வீட்டுக் கொம்பியூட்டர்கள் வந்தன. எல்லாம் ஆங்கிலம். 1983இல் ஜப்பானில் எம்.எஸ்.எக்ஸ். என்ற பொது முறை ஒன்று அறிவிக்கப்பட்டது. சோனி, யமஹா, சான்யோ என்று பல கம்பனிகள் அந்த முறையில் கொம்பியூட்டர் செய்தன. குவைத்தில் முஹம்மத் அல்ஷாரிஹ் என்பவர் அந்த எம்.எஸ்.எக்ஸ். இயந்திரத்தை அரபு பேச வைத்தார். கீபோட்டில் ஒவ்வொரு பொத்தானிலும் ஆங்கில எழுத்தோடு அரபு எழுத்தும் இருந்தது. அரபுப் பிள்ளை அரபியிலேயே கொம்பியூட்டர் படிக்க வேண்டும் என்பதுதான் விஷயம். இங்கே இலங்கையில் கொம்பியூட்டருக்கென்று சின்டெக் என்ற அரச சபை தொடங்கியதே 1984இல்தான்.

அதன் நினைவகம் கிலோபைட் கணக்கு. நீங்கள் காலையில் குடும்ப குறூப்பில் போடுகிற பூப்படம் அதைவிடப் பெரிதாக இருக்கும். மேலே ஒரு வாய். அதில் கேம் கார்ட்ரிஜ் செருகினால் ஒரு பென்குயின் ஐஸ் மேல் ஓடும். ஐஸ் என்றால் மீன் பெட்டியில் போடுகிற ஐஸ் மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். கார்ட்ரிஜ் இல்லாமல் பேசிக் மொழிக்குப் போனால் திரையில் 'ஓகே' என்று வந்து நிற்கும். அவ்வளவுதான். இனி நீங்கள்தான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

காக்கா மாமாவின் புத்தகத்தைப் பார்த்து இரண்டு வரி அடித்தார். பத்தாம் வரியில் ஊர்ப் பெயரைப் பிரிண்ட் செய், இருபதாம் வரியில் திரும்பப் பத்துக்குப் போ. ரி.வி. முழுக்க ஊர்ப் பெயர் ஓடியது, ஆங்கில எழுத்தில். நிறுத்தத் தெரியவில்லை. பிளக்கைப் பிடுங்கினோம்.

ராத்தாவுக்குத்தான் முதலில் கவலை வந்தது. "என்ட பேரைத் தமிழ்ல எழுத ஏலாதா?" எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தோம். ஆங்கிலம் வந்தது, அரபு வந்தது, தமிழ் வரவில்லை. குர்ஆன் ஓதத் தெரிந்த எங்களுக்கு அந்த எழுத்தை வாசிக்க முடிந்தது. ஆனால் அந்த மொழியில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை.

அப்போது வாப்பா ஒரு சொல் சொன்னார். "அரபுத்தமிழில எழுதிப் பாருங்க."

இளம் பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம். தமிழை அரபு எழுத்தில் எழுதுவதுதான் அரபுத்தமிழ். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் நம் முன்னோர் மார்க்கக் கிதாபுகளையும் பாட்டுகளையும் கடிதங்களையும் அதில் எழுதினார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளியும் கோடும் சேர்த்துப் புதிய எழுத்துகள் வைத்திருந்தார்கள். அந்தப் புதிய எழுத்துகள் ஸக்ரில் இல்லை. ட இல்லை, ப இல்லை, ள இல்லை, ங இல்லை. காத்தான்குடி என்று எழுத முடியாது. மட்டக்களப்பு என்றும் முடியாது. எந்தச் சொல்லை எழுதலாம் என்று தேடுவதே விளையாட்டாகிவிட்டது. மீன் எழுதலாம். மாமா எழுதலாம். நிலா எழுதலாம். ராத்தா ஒரு சொல் கண்டுபிடித்தா. வாவ், அலிப், வாவ், யா. கர்சர் வலப்பக்கத்தில் இருந்து இடப்பக்கம் நகர்ந்தது. "வாவி."

குசினி வாசலில் உம்மம்மா பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தா. உம்மம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. காணி உறுதியில் கைநாட்டுத்தான். ஆஸ்பத்திரி துண்டையும் கடிதத்தையும் எங்களிடம் தந்து வாசிக்கச் சொல்லுவா. படிக்காத மனுஷி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், அவவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டா. ஆனால் சின்ன வயதில் லெப்பையிடம் ஓதியவ. அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்றைத் தலையணைக்குக் கீழே வைத்திருப்பா.

தலையை நிமிர்த்தி ரி.வி.யைப் பார்த்தா. கையில் இருந்த பன்னைக் கீழே வைத்தா. கிட்ட வந்து கண்ணைச் சுருக்கி வாசித்தா. "வா... வி. வாவி." பிறகு எங்களைப் பார்த்தா. "இது நம்மட எழுத்துத்தானே புள்ள. இந்தப் பெட்டிக்கி எப்பிடித் தெரியும்?"

அன்று முழுக்க ரி.வி.க்கு முன்னால் இருந்து எழும்பவில்லை. நாங்கள் அடிக்க அடிக்க வாசித்தா. எங்களுக்கு அவ வாசித்துக் காட்டிய முதல் நாள் அதுதான்.

அந்தக் கொம்பியூட்டருக்கு ஆயுள் கெட்டி இல்லை. 1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி குவைத்துக்குள் ஈராக் படை புகுந்தது. மாமா அங்கே. அடுத்த நாள் 3ஆம் திகதி, வெள்ளிக்கிழமை இஷா நேரம், நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஒரு வீட்டில் இரண்டு திசையில் இருந்தும் செய்திக்குக் காத்திருந்தோம். மாமா மாதங்கள் கழித்து ஜோர்தான் வழியாக ஒரு துணிப் பையோடு வந்து சேர்ந்தார். ஸக்ர் கம்பனியும் குவைத்தை விட்டுக் கெய்ரோவுக்குப் போனது. எங்கள் ஸக்ர் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேல் ஏறியது. அதன் பிறகு அதைக் கொளுவும் மனம் யாருக்கும் வரவில்லை. உப்புக் காற்று அதைத் தின்றது.

பத்து வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் இரண்டாவது கொம்பியூட்டர். கொழும்பில் அசெம்பிள் பண்ணி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்தது. விண்டோஸ் 98. அதில் தமிழ் வந்தது. பாமினி வந்தது.

பாமினியைத் தெரியாத ஆள் நம் ஊரில் இல்லை. கலியாணக் காட், மையித்து நோட்டிஸ், பள்ளிவாசல் கணக்கறிக்கை, தவணைப் பரீட்சை வினாத்தாள், எல்லாம் அதில்தான். இன்றைக்கும் எங்கள் விரல் பாமினிக்குத்தான் ஓடுகிறது. அது எங்கள் பழக்கம், மறைக்கவில்லை. ஆனால் பாமினியில் ஒரு ஏமாற்று இருக்கிறது. நம் கண்ணுக்குத்தான் அது தமிழ். 'தமிழ்' என்று எழுத நாம் அமுக்குவது ஜே, கே, பி, ஓ, செமிகோலன். கொம்பியூட்டர் சேமித்து வைப்பதும் அதே ஐந்தைத்தான். அதற்கு அது ஆங்கிலம். மேலே போர்த்திய எழுத்துருவை எடுத்துவிட்டால் ஒரு சொல்லும் விளங்காது.

யூனிகோட் வேறு. அதில் 'த' என்றால் உலகத்தில் எந்தக் கொம்பியூட்டரிலும், எந்தப் போனிலும் 'த'தான். தமிழ் 1991இலேயே யூனிகோட்டுக்குள் போய்விட்டது. விண்டோஸ் 2000, எக்ஸ்.பி. வந்த பிறகே வீட்டுக் கொம்பியூட்டரில் அது சரியாக வேலை செய்தது. நம் ஊர் மேசைகளுக்கு வர இன்னும் காலம் எடுத்தது.

2002இல் யுத்த நிறுத்தம் வந்து கொஞ்சம் மூச்சு விட்ட நேரம். வாப்பா ஒரு யோசனை சொன்னார். "உம்மம்மாக்கிட்டக் கேட்டு எல்லாத்தையும் எழுதி வைங்க. அவ போனா எல்லாம் போயிரும்." ராத்தா அடித்தா, உம்மம்மா சொன்னா. நம் தெருவில் எந்த வீடு யாருடையது, 1978 நவம்பர் 23 சூறாவளியில் எந்த எந்தத் தென்னை விழுந்தது, பன் எங்கே அறுப்பது, எப்படிக் காயவைப்பது, அவ உம்மாவிடம் கேட்ட கவிகள், 1990இல் அந்த இரவு யார் யார் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. பாமினியில், வேர்ட் ஃபைலில், இரண்டு பிளொப்பியில். அடுத்த வருஷம் உம்மம்மா மௌத்தானா.

2004 டிசம்பர் 26. ராத்தாவின் வீடு கடற்கரைப் பக்கம். உயிர்கள் தப்பின, அல்ஹம்துலில்லாஹ். கொம்பியூட்டரும் முதலாவது பிளொப்பியும் கடலோடு போயின. இரண்டாவது எங்கே என்று யாருக்கும் நினைவில்லை. பிரதி எடுத்து வைக்கவில்லை. பிள்ளைகளுக்கு 'பெக்கப்' பற்றிப் பாடம் நடத்துகிற வீட்டில் நடந்தது இது. குற்றம் எங்களுடையது.

போன மாதம் வாவிக்கரை வீட்டுக் கூரை திருத்தும்போது ஒரு பழைய நிடோ டின் கிடைத்தது. உள்ளே ஊசி, நூல், கடன் துண்டுகள், ஒரு பிளொப்பி. மேலே ராத்தாவின் கையெழுத்தில் "உம்மம்மா 2".

யூ.எஸ்.பி. பிளொப்பி டிரைவ் ஒன்றை ஒன்லைனில் எடுப்பித்து, பாடசாலை விட்ட பிறகு லெப்பில் கொளுவினோம். நாலைந்து மாணவர்களும் நின்றார்கள். கறகறவென்று சத்தம் போட்டது. பாதிக்கு மேல் வாசிக்க முடியாத பகுதி. ஒரு ஃபைல் மட்டும் திறந்தது. திரை முழுக்க ஆங்கில எழுத்தும் செமிகோலனும். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு மாணவன் முதல் வரியில் விரலை வைத்தான். அங்கே ரி, எச், ரி, பி என்று இருந்தது. "சேர், எச்.ரி.ரி.பி. அடிக்கப் போய் எழுத்து மாறிட்டு."

நாங்கள் சிரிக்கவில்லை. பாமினி பழகிய விரலுக்கு அது என்ன சொல் என்று தெரியும்.

அத்தனையையும் கொப்பி பண்ணி, பாமினியை யூனிகோட்டாக மாற்றுகிற தளத்தில் போட்டு, ஒரு பொத்தானை அமுக்கினோம். ஒரு செக்கன்கூட இல்லை. ரி, எச், ரி, பி இருந்த இடத்தில் வந்து நின்றது: வாவி.

"வாவிப் பக்கம்தான் பன் நல்லா வளரும்" என்று தொடங்கி ஏழு பக்கம். உம்மம்மாவின் பேச்சு அப்படியே. பன்னும் பாயும் கிடைத்தது, சூறாவளி கிடைத்தது. கவிகள் இல்லை. 1990இன் பெயர்கள் இல்லை. அவை முதலாவது பிளொப்பியிலா, கெட்டுப்போன பகுதியிலா என்று ராத்தாவுக்கும் நினைவில்லை. சிரித்த மாணவன்தான் கடைசிப் பக்கம் வரை சத்தமாக வாசித்தான்.

இனி லெப்டொப் கேள்விக்கு வருவோம்.

ஐ5 போதும். 8 ஜி.பி. ரெம், எஸ்.எஸ்.டி. இருந்தால் செகண்ட் ஹேண்டும் போதும். இன்றைய விலையில் கடன்பட வேண்டாம். ஆப்பிள் இல்லாததால் எந்தப் பிள்ளையும் பெயில் ஆனதில்லை. ஆனால் எதை வாங்கினாலும் மூன்று காரியம் செய்யுங்கள். முதல் நாளே தமிழ் யூனிகோட் கீபோட்டை ஓன் பண்ணிப் பிள்ளையைத் தன் பெயரைத் தமிழில் எழுத வையுங்கள். கேம் இறக்க முதல் இரண்டு வரி புரோகிராமாவது எழுத வையுங்கள். அந்த இயந்திரம் நாம் சொல்வதைக் கேட்கும் என்று பிள்ளை கண்ணால் காண வேண்டும். மூன்றாவது, எதை எழுதினாலும் இரண்டு இடத்தில் சேமிக்கப் பழக்குங்கள்.

எங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. உங்கள் வீட்டு அலுமாரியில், டைப்செட்டிங் கடை மூலையில், பள்ளிவாசல் ஒஃபிஸில் பிளொப்பி, சீடி, பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கும். பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க முன் எங்களுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். டிரைவ் இருக்கிறது, மாணவர்களும் தயாராக இருக்கிறார்கள். காசு வேண்டாம். வாசிக்க முடிந்ததை யூனிகோட்டில் மாற்றி உங்களிடமே தருவோம். பாமினியில் எழுதிய நம் ஊர்ச் செய்தி எவ்வளவு எந்த டின்னுக்குள் கிடக்கிறதோ, அல்லாஹ்தான் அறிவான். பிளொப்பி இன்னும் பத்து வருஷம் காத்திருக்காது.

வயதான உம்மம்மா, மூத்தவாப்பா வீட்டில் இருந்தால், இன்றைக்கே போனைப் பக்கத்தில் வைத்துப் பேச விடுங்கள்.

எங்கள் உம்மம்மாவுக்காக ஒரு துஆச் செய்யுங்கள். படிக்காத மனுஷி என்று இனி நாங்கள் சொல்வதில்லை.