கடைமடைக்கு முகவரி வரவில்லையா? வாய்க்காலோடு மேலே நடந்து பாருங்கள்!

பாபநாசம் அணையில் திறந்துவிடும் தண்ணீர், கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று வரிசையாக எட்டு அணைக்கட்டுகளைக் கடக்கிறது. கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். இடையில் எத்தனையோ வாய்க்கால்கள், மடைகள். கார் பருவத்தில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி என்ன செய்வார்? மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோடு மேலே நடப்பார். "எது வரைக்கும் தண்ணி வந்திருக்கு?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

கிளவுட் தொழில்நுட்பம் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் இதே கேள்விதான் கைகொடுக்கும்.

பக்கத்து விக்கிரமசிங்கபுரத்தில் டிப்ளமா முடித்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ 2011-லேயே அலுவலகம் தொடங்கிவிட்டது. ஊரை விட்டுப் போகாமலே ஐ.டி வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை அவளுக்கும் உண்டு. கிளவுட்டை வாடகைக்கு எடுத்துப் பழகப் பணம் இல்லை. அதனால் செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் 'ஓப்பன்ஸ்டேக்' போடுகிறாள். நாசாவும் ரேக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து 2010-ல் தொடங்கிய இலவச மென்பொருள் இது. விர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு விர்ச்சுவல் மெஷின்கள். அந்த இரண்டும் சேர்ந்து ஒரு டெஸ்ட் கிளவுட். அதற்குள் இன்னும் சில குட்டி மெஷின்கள்.

குட்டி மெஷின் ஓடுகிறது. திரையில் 'ஆக்டிவ்' என்று பச்சையாகத் தெரிகிறது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் ஐ.பி முகவரி இல்லை! முகவரி இல்லாத மெஷினோடு யாரும் பேச முடியாது.

இந்த இடத்தில்தான் பலர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் வீட்டில் ஒருமுறை டவுன்லோட் செய்தாலே அன்றைய டேட்டா காலி. மறுநாளும் அதே பிரச்னை. மூன்றாம் நாள் 'இதெல்லாம் நமக்குச் சரிப்படாது' என்று லேப்டாப்பை மூடிவிடுகிறார்கள். உண்மையான இழப்பு அதுதான்.

நான்கே நான்கு பேச்சு

முகவரி கொடுக்கும் முறைக்கு 'டி.ஹெச்.சி.பி' என்று பெயர். இன்றும் புழக்கத்தில் இருக்கும் அதன் விதிமுறை 1997-ல் வெளியானது. மொத்தம் நான்கு பேச்சுதான். "யாராவது முகவரி தருவீர்களா?" என்று புது மெஷின் கூவும். "இது காலியாக இருக்கிறது, வேண்டுமா?" என்று சர்வர் கேட்கும். "சரி, அதையே கொடுங்கள்" என்று மெஷின் சொல்லும். "எழுதிக்கொண்டேன், உனக்குத்தான்" என்று சர்வர் முடிக்கும். இது சொந்தமாகக் கொடுப்பதல்ல; முறைத்தண்ணீர் மாதிரி, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும். நேரம் முடிவதற்குள் மெஷின் மறுபடி கேட்டுப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

சில மெஷின்களில் முகவரி 169.254 என்று தொடங்கும். 'யாரும் கொடுக்கவில்லை, நானே ஒன்றை வைத்துக்கொண்டேன்' என்று அதற்குப் பொருள். அதைப் பார்த்தால் இந்த நான்கு பேச்சு முழுமையாக நடக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

எந்த மடையில் நின்றது?

'டிசிபிடம்ப்' என்ற இலவசக் கருவி, வயரில் ஓடும் பேச்சைக் காட்டிக்கொடுக்கும். 67, 68 ஆகிய இரண்டு போர்ட்களை மட்டும் கவனித்தால் போதும். குட்டி மெஷினின் வாசலில் தொடங்கி, சர்வர் வரை ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

வாசலிலேயே கூவல் கேட்கவில்லையா? மெஷினுக்குள் நெட்வொர்க் அமைப்பில் கோளாறு. கூவல் சர்வர் வரை போகிறது, பதிலே கிளம்பவில்லையா? முகவரி கொடுக்கும் சர்வீஸ் நின்றுபோயிருக்கலாம். ஓப்பன்ஸ்டேக்கில் அந்த சர்வீஸ் 'நேம்ஸ்பேஸ்' என்ற தனி அறைக்குள் ஓடும். அந்த அறைக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். வெளியே நின்று தேடிவிட்டு 'இல்லை' என்று முடிவு கட்டக் கூடாது.

பதில் கிளம்புகிறது, ஆனால் இரண்டாவது மெஷினுக்கு வந்து சேரவில்லையா? வீட்டு டெஸ்ட் கிளவுட்டில் அடிக்கடி சிக்கும் இடம் இது. நெட்வொர்க்கை நேரடியாக இணைத்திருந்தால், உள்ளே இருக்கும் குட்டி மெஷினை விர்ச்சுவல்பாக்ஸுக்குத் தெரியாது. 'இது யாருக்கோ வந்த பதில்' என்று நடுவிலேயே தடுத்துவிடும். மடைப்பலகையை இறக்கிவைத்த மாதிரி. நெட்வொர்க் செட்டிங்கில் 'ப்ராமிஸ்க்யூயஸ் மோட்' என்பது 'டினை' என்று இருக்கும். இரண்டு மெஷின்களிலும் 'அலவ் ஆல்' என்று மாற்றினால் முகவரி வந்துவிடும். அரை நிமிட வேலை. இதற்காகவா மூன்று நாள் டேட்டா?

பங்கீடு முக்கியம்

முதல் 12 மெஷின்கள் சரியாக வந்து, பதின்மூன்றாவது மட்டும் கிடைக்கவில்லை என்றால், முகவரித் தொகுப்பைப் பாருங்கள். 16 முகவரிகள் கொண்ட சின்னத் தொகுப்பில் முதலும் கடைசியும் பயன்படாது. கேட்வேக்கு ஒன்று, டி.ஹெச்.சி.பி-க்கு ஒன்று. மிச்சம் 12.

உலகத்துக்கே இந்தச் சிக்கல் வந்தது. பழைய ஐ.பி முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான். அவற்றின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்துபோனது. ஆனால் 10, 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு முகவரிகளை யார் வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம். வீட்டு கிளவுட்டில் கஞ்சத்தனம் தேவையே இல்லை. 256 கொண்ட தொகுப்பாகவே ஒதுக்குங்கள்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வதும் நல்லது. எது வரைக்கும் வந்தது, எங்கே நின்றது, எதை மாற்றியதும் ஓடியது என்று தமிழிலேயே எழுதிவையுங்கள். இன்டர்வியூவில் 'பிரச்னையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?' என்று கேட்டால், 'மறுபடி இன்ஸ்டால் செய்தேன்' என்ற பதிலுக்கு மதிப்பு இல்லை. எந்த மடையில் நின்றது என்று காட்டத் தெரிந்தவருக்குத்தான் அந்த நாற்காலி.