இடது கைக்குக் கையுறை

2024 மே 2, வியாழன்

காசிமேட்டில் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை லாஞ்சுகள் கடலுக்குப் போகாது. வலை பின்னுகிறவர்களுக்கு வேலை குவியும் நாட்கள் இவை. இந்த வருஷம் அப்பா வீட்டில் இருக்கிறார். மார்ச்சில் வந்த பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் ஓரளவு தேறி, கோல் ஊன்றி நடக்கிறார். கைதான் மடியிலேயே கிடக்கிறது. விரல்களைக் கொஞ்சம் விரிக்கிறார், அவ்வளவுதான்.

அம்மா சோறு பிசைந்து ஊட்டுகிறாள், சட்டை மாட்டிவிடுகிறாள், டம்ளரை இடது கைக்கு எட்டும்படி வைக்கிறாள். வருகிறவர்களெல்லாம் அவளை மெச்சுகிறார்கள்.

மே 6, திங்கள்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிஸியோதெரபிஸ்ட் வந்தார். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வீட்டு வாசலுக்கு வரும் திட்டம் அது. 2021 ஆகஸ்டில் தொடங்கியது. வந்தவர் இளம்பெண். முதலில் அம்மாவிடம்தான் பேசினார்.

“தாத்தாவைத் தூக்கும்போது விழுந்த கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, தோள் மூட்டு இறங்கிடும். அப்புறம், டம்ளரை வலது பக்கம் வைங்க.”

அம்மாவுக்குச் சுருக்கென்றது. “முடியாத மனுஷனை வேலை வாங்கச் சொல்றியா?”

“ஆமாம்மா. அதுதான் வைத்தியம்.”

மே 9, வியாழன்

அந்தப் பெண் சொன்னதன் வேர் எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளரிடம் இருக்கிறது. ஒரு கையின் உணர்வு நரம்புகளைத் துண்டித்த குரங்குகள் அந்தக் கையை அசைக்க முடிந்தும் அசைக்கவில்லை. முயன்று தோற்று, நல்ல கையால் காரியம் நடப்பதைப் பார்த்து, மற்றதைக் கைவிட்டுவிட்டன. நல்ல கையைக் கட்டிப்போட்டதும் மற்றது வேலைக்கு வந்தது. பக்கவாதக்காரர்களிடமும் இதே பழக்கம் படிகிறது என்பது டாப் கண்டது.

1996-ல் ராண்டால்ஃப் நூடோ என்ற ஆய்வாளரின் குழு இன்னொன்றைக் காட்டியது. குரங்கின் மூளையில் கையை ஆளும் பகுதியில் சிறு சேதம். பயிற்சி இல்லாதபோது சேதத்தைச் சுற்றியிருந்த நல்ல பகுதியும் கையை மறந்தது. சின்னக் குழிகளிலிருந்து விரலால் தீனி எடுக்கப் பழக்கியபோது அந்தப் பகுதி தப்பியது. சில குரங்குகளில் முன்பு தோளுக்கும் முழங்கைக்கும் இருந்த இடமும் கைக்கு வந்தது. செத்த செல் பிழைக்கவில்லை, பக்கத்திலிருப்பவை வேலையை ஏற்றன.

அப்பாவிடம் சொன்னேன். “லாஞ்சுல ஒரு ஆள் வரலைன்னா மத்தவன் அவன் வேலையையும் பாப்பான். கரையில குந்தியிருந்தா எப்படிக் கத்துப்பான்?” என்றார்.

மே 18, சனி

இடது கைக்குத் தடித்த கையுறை மாட்டியாகிவிட்டது. குளியலறையிலும் படியிலும் கழற்றிவிட வேண்டும். விழுந்தால் ஊன்ற அந்தக் கைதான் வேண்டும். அப்பா கெட்ட வார்த்தை பேசினார். வலது கையால் எடுத்த இட்லி பாதி வழியில் விழுந்தது. அம்மாவின் கை எழுந்து வந்து, திரும்பிப் போனது.

மே 25, சனி

ஸ்டான்லி மருத்துவமனையில் மாதாந்திரப் பரிசோதனை. அப்பாவுக்கு இன்னமும் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் இங்கே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலிக்காக, 1990-களில் கலிஃபோர்னியாவில் கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். நல்ல கையின் பிம்பம் இழந்த கை இருந்த இடத்தில் தெரியும்; அது அசைவதை மூளை பார்க்கும். 1999-ல் அவரும் சகாக்களும் அதையே பக்கவாதம் வந்த ஒன்பது பேரிடம் சோதித்து லான்செட் இதழில் எழுதினார்கள். மற்றப் பயிற்சிகளோடு சேரும்போது இது உதவுகிறது என்பதைப் பிற்பாடு வந்த ஆய்வுகளும் சொல்கின்றன. எங்கள் வீட்டில் அதற்குச் செலவு, சவரக் கண்ணாடியைவிடச் சற்றே பெரிய ஒரு கண்ணாடி.

ஜூன் 3, திங்கள்

செலவு காசில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. அமெரிக்க, கனடா மையங்களைக் கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், கையால் ஒரு காரியம் செய்து பழகிய சிகிச்சை வேளைகளில் சராசரி அசைவு 32 முறைதான். விலங்கு ஆய்வுகளிலோ ஒரு நாளைக்கே நூற்றுக்கணக்கில். மீதியை வீடுதான் தரவேண்டும். அண்ணன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். எண்ணூர் விரைவுச் சாலை வரிசையில் நின்றால் இரவு போய்விடும். நான் திருவொற்றியூரிலிருந்து வேலை முடித்து வருவதற்குள் அப்பா களைத்திருப்பார். ஆக, மருந்து அம்மாவின் பகல் பொழுது. அதற்காக அவள் மீன் கூடையை இறக்கி வைத்திருக்கிறாள். அந்த வருமானம் நின்றுபோனது எந்தச் சிகிச்சைக் கணக்கிலும் வராது.

ஜூன் 8, சனி

லாஞ்சுக்காரர் கிழிந்த வலைத் துண்டு ஒன்று கொடுத்தனுப்பினார். வலைக்கு இரண்டு கையும் வேண்டும், அதனால் கையுறைக்கு விடுமுறை. ஊசி வலது கையில். “தோளைத் தூக்கி ஏமாத்துறீங்க தாத்தா, மணிக்கட்டுல இருந்து வரணும்,” என்றார் பிஸியோ. சில கண்ணிகள் விழுந்தன, எல்லாம் கோணல். அப்பாவே அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார்.

ஜூன் 15, சனி

தடைக்காலம் முடிந்து லாஞ்சுகள் போய்விட்டன. எண்ணூரிலிருந்து உறவுக்கார அக்கா வந்திருந்தார். அவர் கணவருக்குக் கை விழுந்து எட்டு மாதம். “இனிமே எங்க வரப்போகுது?” என்றார். முதல் மூன்று மாதத்தில் தானாக வருவது அதிகம், பிறகு கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்றேன். 2006-ல் வெளியான எக்ஸைட் ஆய்வில் 222 பேர். பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள். நல்ல கைக்குக் கையுறை போட்டு இரண்டு வாரம் தீவிரமாகப் பழகியவர்களிடம் ஒரு வருஷம் கழித்தும் பலன் இருந்தது. ஆனால் விரலும் மணிக்கட்டும் கொஞ்சமாவது விரிகிறவர்களுக்குத்தான் அந்த முறை.

“விரல் விரியுதாக்கா?”

“கொஞ்சம் விரியுது.”

“சாப்பாடு?”

“நான்தான் ஊட்டுறேன்.”

“பிஸியோகிட்ட கேளுங்க. நாளைக்கு வாழைப்பழத்தையாவது அவரே உரிக்கட்டும்,” என்றாள் அம்மா.