சுகர் மெஷினோடு வரும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டை நம்பிப் பிழைக்கும் எங்கள் தெருப் பெண்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன்.

நீ சுகர் பார்க்கும் பக்குவமே தனி. "கையக் கழுவிட்டு வாங்க பெரியம்மா" என்று அம்மாவை முதலில் குழாயடிக்கு அனுப்புவாய். பழம் தொட்ட விரலில் ஒட்டிய இனிப்புகூட அளவைக் கூட்டிக் காட்டிவிடும் என்பது நீ சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பூக்கட்டுகிறவர்களுக்குக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் வலிக்கக் கூடாது என்று, மோதிர விரலின் ஓரத்தில் குத்துவாய். ஸ்ட்ரிப் தானாகவே ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். சில நொடியில் எண் வந்துவிடும்.

இந்தச் சில நொடிக்காக உழைத்தவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1962-ல் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க், நொதியும் மின்முனையும் சேர்ந்தால் குளுக்கோஸை அளக்கலாம் என்று வழிகாட்டினார். 1970 வாக்கில் ஆன்டன் கிளெமென்ஸ் உருவாக்கிய மீட்டரோ நிறத்தைப் பார்த்து அளந்தது. ஒரு கிலோவுக்கு மேல் கனம். பெரிய சொட்டு ரத்தம் வைத்து, ஒரு நிமிடம் காத்திருந்து, தண்ணீரில் கழுவ வேண்டும். 1987-ல்தான் கிளார்க்கின் வழியில் வந்த மீட்டர் பேனா அளவில் கடைக்கு வந்தது. நொதி குளுக்கோஸோடு சேரும்போது உண்டாகும் துளி மின்சாரத்தை அது அளந்தது. உன் பையில் இருப்பது அதன் வாரிசு.

மெஷின் மலிந்துவிட்டது, உண்மைதான். ஆனால் ஸ்ட்ரிப்பை ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டும். முழக் கணக்கில் கூலி வாங்கும் வீட்டில் முதலில் நிற்பது அந்தச் செலவுதான். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் வீடு தேடி வந்து சுகர் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியபோது செய்தியாகத்தான் படித்தேன். நீ வாசலில் வந்து நின்றபோதுதான் அதன் அருமை புரிந்தது.

எண் கூடினாலும் நீ யாரையும் பயமுறுத்தியதில்லை. "கூடுதலாக் காட்டுது, ஆஸ்பத்திரியில ஒருதடவை ரத்தம் குடுத்துப் பாத்துருவோம்" என்பாய். இந்த ஒரு சொட்டை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது என்ற அந்த நிதானத்தால்தான் பக்கத்து வீட்டு மதினி ஒளியாமல் மருந்துக்குப் போனார்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் அண்ணன்மார் ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு, நீ வரும் நேரத்தில் தூங்குகிறார்கள். பலர் இதுவரை சுகரே பார்த்ததில்லை. ஒருநாள் சாயங்காலம் வர முடியுமானால் முன்னாலேயே சொல்லியனுப்பு. ஆட்களைச் சேர்த்து உட்காரவைப்பது என் பொறுப்பு.

அன்புடன்,
உன் அக்கா