குல்மார்க் பனியும் ஒரு முழத் துணியும்

கடலோர ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்குக் குளிர் என்றால் மார்கழி மாதத்து அதிகாலைக் குளிர்தான். பஜ்ருத் தொழுகைக்குச் செல்லும்போது தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் அந்தக் குளிர் போய்விடும். அந்த அனுபவத்தை நம்பிக் காஷ்மீரத்துப் பனிமலைக்குப் போனவன் நான். போன இடத்தில் ஒரு முழத் துணியைப் பற்றிக் கற்றுக்கொண்ட பாடத்தை நம் வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது கடமை எனக் கருதி இதை எழுதுகிறேன்.

டில்லியில் பணிபுரியும் என் சகோதரியின் மகன் பனிச்சறுக்குக் கற்றுக்கொள்ள விரும்பினான். "தனியே அனுப்ப மனம் வரவில்லை, நீங்களும் கூடப் போய் வாருங்கள் காக்கா" என்று சகோதரி கேட்டுக்கொண்டதால், சென்ற சனவரியில் இருவரும் குல்மார்க் சென்றோம். ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். தங்மார்க் வரை பாதை எளிதாகவே இருந்தது. அங்கிருந்து மேலே ஏறும் 13 கிலோமீட்டருக்கு வண்டியின் சக்கரங்களில் இரும்புச் சங்கிலி பூட்டினார்கள். தேவதாரு மரங்களின் கிளைகள் பனியின் பாரத்தால் தாழ்ந்து கிடந்தன.

குல் என்றால் மலர்; மார்க் என்றால் புல்வெளி. 16-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட சுல்தான் யூசுஃப் ஷா சக் இப்பெயரைச் சூட்டினார் என்பர். ஆங்கிலேயர் 1927-இல் இங்கே பனிச்சறுக்குச் சங்கம் ஒன்றை நிறுவினர். 1998-இல் கொங்டூரி வரையிலும், 2005-இல் அப்பர்வத் மலைத்தோள் வரையிலும் கம்பிவட ஊர்தி வந்தது. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் 2020-இல் இங்கே தொடங்கின. நாங்கள் சென்றது ‘சில்லை கலான்’ எனக் காஷ்மீரிகள் அழைக்கும் கடுங்குளிர்க் காலம். டிசம்பர் 21-இல் தொடங்கி 40 நாட்கள் நீடிப்பது அது. ஆணும் பெண்ணும் ‘ஃபிரன்’ என்ற நீண்ட அங்கிக்குள் ‘காங்கிரி’ என்னும் கனல் சட்டியைச் சுமந்தபடி நடமாடினர்.

புறப்படும் முன் ஊர்க் கடைவீதியில் மருமகனுக்கென ஒரு தடித்த பருத்தி மஃப்ளரை நானே பார்த்து வாங்கியிருந்தேன். தடிப்பாக இருந்தால் குளிர் தாங்கும் என்பது என் கணக்கு. முதல் நான்கு நாட்கள் அவன் அடிவாரத்துச் சிறு மேட்டில் பயின்றான். வெயிலும் இருந்தது, குறையொன்றும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் அவனுடைய ஆசான் அவனைக் கொங்டூரிக்கு அழைத்துச் சென்றார். நானும் ஊர்தியில் ஏறி மேலே போய்க் காத்திருந்தேன். அன்று வெயிலில்லை, காற்று வீசியது.

ஒரு மணி நேரத்தில் இருவரும் திரும்பினர். மருமகனின் மஃப்ளர் கழுத்தில் அட்டைபோல் விறைத்துக் கிடந்தது. அவனது இடக் கன்னத்தில் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குத் தோல் மெழுகுபோல் வெளுத்திருந்தது. "வலிக்கிறதா?" என்றேன். "ஒன்றுமே தெரியவில்லை மாமா" என்றான். அந்தப் பதில்தான் என்னை அச்சுறுத்தியது.

அருகிலிருந்த தேநீர்க் கடைக்காரர் பதறிப்போய்த் தம் காங்கிரியை நீட்டினார். ஆசான் அதைத் தடுத்துவிட்டார். "மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது, வெந்தாலும் தெரியாது" என்றார். தம் கையுறையைக் கழற்றி, வெதுவெதுப்பான உள்ளங்கையை அவன் கன்னத்தில் தேய்க்காமல் வைத்துக்கொண்டு கூடாரத்துக்குள் அமர்ந்திருந்தார். சில நிமிடங்களில் ஊசி குத்துவது போல் இருக்கிறது என்றான் மருமகன். வெளுப்பு மறைந்து சிவப்பு வந்தது. அல்ஹம்துலில்லாஹ்! பனிக்கடியின் முதல் படியோடு அது நின்றுவிட்டது. தோல் கடினமாகிக் கொப்புளம் எழுந்திருந்தால் மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும் என்றார் ஆசான்.

பிறகு என் பக்கம் திரும்பி, "மௌல்வி சாஹிப், இந்தத் துணியைத் தேர்ந்தெடுத்தது யார்?" என்று உருதுவில் கேட்டார். நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

நடந்ததை அவர் விளக்கினார். மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிய பருத்தி, மூச்சின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது. பருத்தி எளிதில் உலராது; அந்த ஈரம் குளிரில் உறைந்தது. வெளியேற வழியில்லாத மூச்சு மேல்நோக்கிச் சென்று கண்ணாடியில் படிந்து பார்வையை மறைத்தது. வழி தெரிவதற்காகப் பையன் துணியைக் கீழே இழுத்தான். ஈரமான கன்னத்தில் காற்று நேராக அறைந்தது. ஆகவே குளிரைக் காட்டிலும் அவனைத் துன்புறுத்தியது அவனுடைய சொந்த மூச்சுதான்.

காற்றின் கணக்கையும் நாம் அறிய வேண்டும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர்; ஊர்தியின் மேல்நிலையமோ 3,950 மீட்டரை ஒட்டியது. ஆகவே கீழே மைனஸ் 2 டிகிரி செல்சியஸ் என்றால் மேலே மைனஸ் 10 என்று எதிர்பார்க்கலாம். அந்த மைனஸ் 10-இல் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்குபவரின் திறந்த முகத்துக்கு அது மைனஸ் 21 போல் உறைக்கும். காற்றே இல்லாத நாளிலும் சறுக்குபவர் தம் வேகத்தாலேயே காற்றை உண்டாக்கிக்கொள்கிறார். அந்த உணர்நிலை மைனஸ் 28-ஐ எட்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களில் உறையக்கூடும்.

அன்று மாலை ஆசான் எங்களைக் கடைவீதிக்கு அழைத்துச் சென்று, வகை வகையான முகத்துணிகளை முன்னே பரப்பினார்.

முதலாவது, கழுத்துக் குழாய். இருபுறமும் திறந்த, நீளும் தன்மையுள்ள துணிக்குழாய். கழுத்தில் கிடக்கும், வேண்டும்போது மூக்குவரை இழுத்துக்கொள்ளலாம். மிதமான குளிருக்கு ஏற்றது. அதன் கீழ்விளிம்பு சட்டைக் கழுத்துக்குள் நன்றாகச் செருகும் அளவுக்கு நீளம் வேண்டும்.

இரண்டாவது, நாம் ‘குரங்குக் குல்லா’ என்கிற முழுமுகக் குல்லாய். 1854-இல் கிரிமியப் போர் நடந்த பாலகிளாவா என்னும் ஊரின் பெயரால் ஆங்கிலத்தில் வழங்குவது. தலை, காது, கழுத்து, முகம் அனைத்தையும் இடைவெளியின்றி மூடுவதால் கடுங்குளிருக்கு இதுவே சிறந்தது. மூக்குப் பகுதி தனியே கீழிறங்கும்படி தைத்ததாக இருந்தால் இளைப்பாறும்போது வசதி. தலைக்கவசத்துக்குள் அணிவதால் மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்தால் கவசம் சரியாகப் பொருந்தாது.

மூன்றாவது, நியோப்ரீன் என்னும் ரப்பர் வகையாலான அரைமுகமூடி. காற்றை முற்றிலும் தடுக்கும். ஆனால் உள்ளே வியர்க்கும். மூச்சுக்குத் துளைகள் உள்ளதையே வாங்க வேண்டும்.

துணியைப் பொறுத்தவரை மெரினோ ஆட்டுக் கம்பளிக்கு முதலிடம். ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் வெதுவெதுப்பு இழக்காதது, துர்நாற்றமும் குறைவு. பாலியஸ்டர் விலை மலிவு, விரைவில் உலரும். ஆனால் சீக்கிரம் வாடை பிடிக்கும். பருத்தி வேண்டவே வேண்டாம்.

வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனைகளையும் அவர் சொன்னார். துணியை வாயில் வைத்துப் பலமாக மூச்சு விட்டுப் பார்க்க வேண்டும்; மூச்சு எளிதாக வெளியேற வேண்டும். தலைக்கவசமும் கண்ணாடியும் அணிந்தே பொருத்தம் பார்க்க வேண்டும். கண்ணாடியின் கீழ்விளிம்பும் துணியின் மேல்விளிம்பும் சந்திக்கும் இடத்தில் தோல் தெரியக் கூடாது. அதே நேரம் துணி கண்ணாடிக்குள் நுழையவும் கூடாது, நுழைந்தால் மூச்சு உள்ளே போய்ப் படியும். துணை ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். முதலாவது நனைந்ததும் மாற்றிக்கொள்ளலாம். தொங்கும் முனைகளுள்ள மஃப்ளர் இழுவைக் கம்பியில் சிக்கிக் கழுத்தை இறுக்கிவிடும் என்றும் எச்சரித்தார்.

"வெயில் நாளில் இது தேவையில்லை அல்லவா?" என்று கேட்டேன். அவர் தம் மோவாயின் கீழே கறுத்திருந்த தோலைக் காட்டினார். புதுப்பனி, சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். ஆகவே வெயில் கீழிருந்தும் சுடும். மெல்லிய துணியாவது முகத்தில் இருப்பது நலம்.

என்னைப் போன்ற தாடிக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. மூச்சின் ஈரம் தாடியில் உறைந்து துணியோடு ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு இழுத்தால் கண்ணீர் வரும். மோவாய்வரை நன்றாக இறங்கும், ஈரம் தேங்காத துணியே இதற்குப் பரிகாரம். சறுக்குமேட்டில் காஷ்மீர் மாணவியர் சிலரையும் கண்டேன். தலைக்கவசத்தின் கீழே ஊசியோ முடிச்சோ இல்லாத, நீளும் துணியாலான தலையணியை அவர்கள் அணிந்திருந்தனர். விழும்போது ஊசி குத்தும், முடிச்சு கவசத்தை நகர்த்திவிடும் என்பதால் இது கண்ணியத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒருசேரப் பொருந்திய ஏற்பாடு. நம் பெண்மக்கள் இத்தகைய இடங்களுக்குச் செல்லும்போது இதை நினைவில் கொள்வது நன்று.

மருமகனுக்கு மெரினோ குல்லாய் ஒன்றும் துணைக்குக் கழுத்துக் குழாய் ஒன்றும் வாங்கினோம். மறுநாள் மேகமூட்டத்திலும் அவன் நான்கு முறை கொங்டூரியிலிருந்து இறங்கினான். ஒவ்வொரு முறையும் ஆசான் அவன் கன்னத்தை உற்று நோக்கிய பிறகே அடுத்த முறைக்கு அனுமதித்தார். தம் கன்னம் வெளுப்பதைத் தாமே காண முடியாது. ஆகவே ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக்கொள்வதே பனிமலையின் வழக்கம் என்றார்.

பழைய மஃப்ளரை எறிந்துவிடலாமா என்று கேட்டேன். "வேண்டாம் மாமா, டில்லிக் குளிருக்கு இது போதும்" என்று மடித்து வைத்துக்கொண்டான். அன்போடு வாங்கிக் கொடுப்பது மட்டும் போதாது, போகிற இடத்தை அறிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்க வேண்டும் என்பதை ஐம்பதை நெருங்கும் வயதில் நான் கற்றேன். பிள்ளைகளைப் பனிநாடுகளுக்குப் படிக்கவும் பணிசெய்யவும் அனுப்பும் பெற்றோர் இதை என் கன்னத்துச் செலவில் அல்லாமல், என் மருமகனின் கன்னத்துச் செலவில் கற்றதாக வைத்துக்கொள்ளட்டும். வஸ்ஸலாம்.