ஏடும் வன்தட்டும்

சிவகங்கை வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், ஒரு வீட்டின் முன்னறைச் சாளரத்தை ஒட்டி ஒரு கணினி இருந்தது. தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், 2011ஆம் ஆண்டில் அதனை வாங்கினார். தட்டச்சு பயிலாத அவர், இரு விரல்களால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி, ஆறு ஆண்டுகள் தம் ஊரைப் பற்றி எழுதிவந்தார். கண்மாய்க்கு எத்தனை மடைகள், ஒவ்வொரு மடைக்கும் என்ன பெயர், கலுங்கில் நீர் வழிந்தால் அது எவ்வழியே சென்று எந்த ஊரை அடையும், நீர்பாய்ச்சிக்குக் கூலியாக அளக்கப்பட்ட நெல் எவ்வளவு, நடவுப் பெண்கள் பாடிய பாடல்கள் எவை என ஊரின் வாழ்வே அக்கணினிக்குள் கோப்புகளாகச் சேர்ந்தது. பின்னர் அவருக்குக் கண்பார்வை மங்கியது. எழுத்து நின்றது.

இவ்வாண்டு மழைக்காலத்தில் கணினியும் நோயுற்றது. பொத்தானை அழுத்திய பின் திரை விழித்தெழப் பத்து நிமிடங்கள் ஆயின. சில கோப்புகளைத் திறந்தால் அப்படியே உறைந்து நின்றது. பெட்டிக்குள்ளிருந்து அவ்வப்போது 'டிக், டிக்' என்னும் ஒலி எழுந்தது.

பெரியவரின் மகன் நகரிலிருந்த பழுதுபார்க்கும் கடையில் விவரத்தைக் கூறினார். "அனைத்தையும் அழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிவிடலாம். ஒரு மணி நேர வேலை" என்றனர் கடைக்காரர்கள். செலவும் குறைவு. மகனுக்கு அது சரியெனவே பட்டது. ஆனால், பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் பயிலும் பேத்திக்கு மனம் ஒப்பவில்லை. "அப்பா, என்ன கெட்டுப்போயிருக்கிறது என்றே தெரியாமல் எதற்காக அழிக்க வேண்டும்?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. பழுதைச் சீர்செய்வதா, புதிதாக நிறுவுவதா என்று எண்ணத் தொடங்கும் பலர், பழுது எங்கே இருக்கிறது என்பதை மறந்துவிடுகின்றனர். கணினியின் தளர்ச்சிக்குக் காரணங்கள் இருவகை. தீநிரல் புகுந்திருக்கலாம், இயங்குதளத்தின் கோப்புகள் சிதைந்திருக்கலாம், வன்தட்டில் இடம் நிறைந்திருக்கலாம். இவை மென்பொருளைச் சார்ந்தவை. இவற்றுக்குப் புதிதாக நிறுவுதல் நல்ல மருந்து. வெப்பம் தணிக்கும் விசிறியில் தூசி அடைந்திருக்கலாம், நினைவகம் பழுதுற்றிருக்கலாம், வன்தட்டே தேய்ந்திருக்கலாம். இவை வன்பொருளைச் சார்ந்தவை. தேயும் வன்தட்டின்மேல் புதிய இயங்குதளத்தை நிறுவுதல், கரையான் அரித்த உத்திரத்துக்கு வண்ணம் பூசுவதற்கு ஒப்பாகும். அதனினும் பெரிய கேடு ஒன்றும் உண்டு. கோப்பு ஒன்றை அழிக்கும்போது, வன்தட்டில் பெரும்பாலும் அதன் முகவரிக் குறிப்பு மட்டுமே நீங்குகிறது. உள்ளடக்கம் சிறிது காலம் அங்கேயே கிடக்கும். புதியதை அதன்மேல் எழுதிவிட்டால் பழையது மீளாது.

பேத்தி தன் ஆசிரியரிடம் கேட்டறிந்து ஓர் எளிய சோதனையைச் செய்தாள். பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, வன்தட்டைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை இயக்கினாள். கணினி தடையின்றி ஓடியது. எனவே, செயலியும் நினைவகமும் பெருமளவு நலமாகவே இருந்தன எனக் கொள்ளலாம். அடுத்து, வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருக்கும் பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். பழுதுற்ற பகுதிகள் பல எனவும், படிக்க இயலாமல் நிற்கும் பகுதிகள் சில எனவும் அது காட்டியது. அவ்வகை வன்தட்டில் காந்தப் பூச்சுடைய தகடுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை, தகட்டைத் தொடாமல் மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் மிதக்கிறது. முனை தடுமாறுவதன் அடையாளமே அந்த 'டிக், டிக்' ஒலி.

நோய் தெரிந்தது. இனிச் செய்யவேண்டியவற்றின் வரிசையும் தெளிவாயிற்று. பழுதுநீக்கும் நிரல்களை அந்த வன்தட்டின்மேல் ஓடவிடுவதும் தவறு. தளர்ந்த தட்டினை அவை மணிக்கணக்கில் மேலும் வருத்தும். முதலில் படியெடுக்க வேண்டும். பிறவெல்லாம் அதன் பின்னரே.

இவ்வரிசை தமிழருக்குப் புதியதன்று. ஓலைச்சுவடி நையத் தொடங்கியதும் அதனைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதுவர். அவ்வாறு ஏடு பெயர்த்து எழுதியோரால்தான் பழந்தமிழ் நூல்கள் அச்சுக்காலம் வரை உயிர்த்திருந்தன. படியெடுக்காமலே ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஏடுகளும் இருந்தன. சுவடி தேடி ஊர் ஊராய் அலைந்த உ.வே. சாமிநாதையர் அத்தகைய இழப்புகளைக் கேட்டு உள்ளம் நொந்தார்.

பேத்தி, தாத்தாவின் கோப்புகளை முதலில் படியெடுத்தாள். பின்னர் அவற்றைத் தன் பள்ளி மடிக்கணினியில் திறந்தபோது திடுக்கிட்டாள். தமிழ் இல்லை, பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வரிவரியாய் நின்றன. கோப்புகள் சிதையவில்லை. தாத்தா எழுதியது பாமினி எழுத்துருவில். அம்முறையில் 'அம்மா' என்னும் சொல், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளாகவே கோப்பில் பதிவாகும். அவற்றுக்குத் தமிழ் வடிவம் தருவது கணினியிலுள்ள எழுத்துரு. அந்த எழுத்துரு, கோப்புகளோடு இல்லாமல் இயங்குதளத்தின் உறைக்குள் தனியே இருந்தது. அதையும் படியெடுத்து மடிக்கணினியில் நிறுவியதும், கண்மாயும் மடையும் திரையில் மீண்டன. தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றுக்கொண்ட ஒருங்குறி முறைக்கு அவள் அவற்றையெல்லாம் மாற்றினாள். இனி எந்தக் கணினியிலும் அவை தமிழாகவே தோன்றும்.

அதன் பின்னர்த்தான் பழைய கேள்விக்கு விடை காணப்பட்டது. பழைய வன்தட்டு கழற்றப்பட்டது. சுழலும் தகடுகள் இல்லாத திடநிலை வட்டு ஒன்று பொருத்தப்பட்டது. பழைய விண்டோஸ் 7க்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 சனவரியிலேயே பொதுப் பயனர்க்கு நிறுத்தப்பட்டுவிட்டதால், அதனை மீட்க முயலாமல் லினக்ஸ் நிறுவப்பட்டது. கடைக்காரர் கூறியவாறே இயங்குதளம் புதிதாயிற்று; ஆனால், காக்க வேண்டியதைக் காத்த பிறகு.

எனினும், மூன்று கோப்புகளைப் படிக்கவே இயலவில்லை. அவற்றுள் ஒன்று நடவுப் பாடல்கள் பற்றியது. அதைச் சொல்லப் பேத்தி தயங்கினாள். திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பெட்டிக்குள் இல்லாவிட்டால் என்ன அம்மா, பாதியாவது எனக்குள் இருக்கும். மீதிக்குக் கீழத்தெருப் பாட்டியிடம் போவோம். அவருக்கும் எண்பதைத் தாண்டிவிட்டது, இந்த வாரமே போகவேண்டும்" என்றார்.

அன்று மாலை சாளரத்தை ஒட்டிய அதே இடத்தில் பேத்தி அமர்ந்தாள். பெரியவர் கண்களை மூடி, நினைவிலிருந்த முதல் அடியைச் சொல்லத் தொடங்கினார். அவள் பத்து விரல்களாலும் தட்டினாள். அன்றிரவு உறங்கப்போகுமுன், எழுதியவற்றுக்கு இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைத் தன்னிடமும் மற்றொன்றை அத்தை வீட்டிலும் வைக்க ஏற்பாடு செய்தாள்.